டூஸ் வானை டல்லாஸ் டீம் வெளிய அனுப்பினதுல என்ன தப்பு?

நட்சத்திரதாசன்:
அமெரிக்க ஃபுட்பால் லீக் என்எஃப்எல்-ல டல்லாஸ் டீமுக்கு ரன்னிங் பேக்கா (பந்தை கைல வாங்கிட்டு ஓடற ஆளு) ஆடின டூஸ் வான் பத்தி ஒருத்தர் நேத்து வேற இழையில "டூஸ் வானுக்கு டல்லாஸ் சான்ஸே குடுக்கல, குடுத்திருந்தா இன்னொரு டேரன் ஸ்ப்ரோல்ஸ் (சின்ன சைஸ்லயே பேர் வாங்கின பழைய ரன்னிங் பேக்) ஆகியிருப்பான்"னு எழுதி வச்சிருக்காரு, படிச்சதுல இருந்து எரிச்சலா இருக்கு. 2023 டிராஃப்ட்ல (காலேஜ் பசங்கள டீம்கள் வரிசையா எடுக்கறது) ஆறாவது ரவுண்ட்ல 212-வது ஆளா எடுத்தாங்க. அப்பா அதே டீம்ல ஸ்கவுட் (புது ஆட்டக்காரங்கள தேடறவர்), அவரே போன் போட்டு பையன்கிட்ட சொன்ன வீடியோவ பாத்து நானும்தான் கண்ண தொடச்சேன். ஆனா முதல் சீசன்ல 23 தடவை பந்தை கைல குடுத்தாங்க, வந்தது 40 யார்டு. 2025 சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி அனுப்பிட்டாங்க. 5 அடி 5 அங்குலம், 180 பவுண்ட் கூட இல்ல. இந்த சைஸ்ல என்எஃப்எல்-ல ரன்னிங் பேக்கா நிக்க முடியாது, அவ்ளோதான் விஷயம்.

கழுகுக்கூடு:
ஆரம்பிச்சுட்டாருய்யா. ஸ்ப்ரோல்ஸ் 5 அடி 6, 190 பவுண்ட். வான் மாதிரியே கான்சாஸ் ஸ்டேட்ல படிச்சவர்தான். 2005-ல நாலாவது ரவுண்ட். 2011-ல நியூ ஆர்லியன்ஸ்க்கு ஒரே சீசன்ல மொத்தம் 2,696 யார்டு, லீக் ரெக்கார்டு. நிக்க முடியாதாம்!

நட்சத்திரதாசன்:
2,696-ல ஓடி எடுத்தது எவ்ளோன்னு சொல்ல மாட்டீங்களே. 603. எதிர் டீம் உதைச்ச பந்தை பிடிச்சு திரும்ப ஓடினதுல கிக் ரிட்டர்ன் 1,089, பன்ட் ரிட்டர்ன் 294, பாஸ் பிடிச்சது 710. நான் கேக்கறது ரன்னிங் பேக் பத்தி. மொத்த கரியர்ல ஒரே ஒரு சீசன்லயாவது 100 கேரி (பந்தை கைல வாங்கி ஓடற தடவை) தொட்டாரா உங்க ஆளு?

கழுகுக்கூடு:
87 கேரில 603. ஒரு கேரிக்கு 6.9 யார்டு. கணக்கு வருமா?

நட்சத்திரதாசன்:
87, நூறு இல்ல. கணக்கு நல்லாவே வருது.

சும்மாபாக்கறவன்:
ஒரு நிமிஷம். சின்ன ஆளுன்னு எத சொல்றோம், உயரமா எடையா? எம்மிட் ஸ்மித் 5 அடி 9தான், 18,355 யார்டு ஓடி இன்னும் முதல் இடத்துல இருக்காரு. ஆனா எடை 210-க்கு மேல. ரெண்டையும் பிரிச்சு பேசினா நல்லது.

கழுகுக்கூடு:
2009 ஜனவரி, சார்ஜர்ஸ் - கோல்ட்ஸ் பிளேஆஃப் பாத்தீங்களா நட்சத்திரம் சார்? சார்ஜர்ஸோட மெயின் ரன்னிங் பேக் டாம்லின்சனுக்கு அடி, ஸ்ப்ரோல்ஸ் இறங்கினாரு, 22 கேரி, 105 யார்டு, ரிட்டர்ன் எல்லாம் சேத்து 328 யார்டு, ஓவர்டைம்ல 22 யார்டு டச்டவுன் ஓடி மேட்ச முடிச்சாரு. இல்ல யூடியூப்ல டல்லாஸ் ஹைலைட்ஸ் மட்டும்தான் ஓடுமா உங்க வீட்ல?

நட்சத்திரதாசன்:
ஒரு மேட்ச். ஒரே ஒரு மேட்ச். அவ்ளோ சூப்பரா ஓடினவருக்கு அடுத்த சீசன்ல கோச் எத்தன கேரி குடுத்தாரு? 93. ஏன் நூறு குடுக்கல? கோச்சுக்கு தெரிஞ்சது உங்களுக்கு தெரியல.

டெட்ராய்ட்குளிர்:
எங்க டெட்ராய்ட் ரன்னிங் பேக் பேரி சாண்டர்ஸ் 5 அடி 8. 1997-ல 2,053 யார்டு. குட் நைட்.

நட்சத்திரதாசன்:
200 பவுண்டுக்கு மேல. அவர் தொடை சைஸ பாத்திருக்கீங்களா? அவர இதுல இழுக்காதீங்க மேடம். பேரி சாண்டர்ஸ உதாரணம் காட்டினா எதையும் நிரூபிக்கலாம்.

ஜாக்ஸ்மாமா:
அப்ப மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ? 5 அடி 7. முதல் ரவுண்ட்ல 32 டீமும் தன்னை விட்டுட்டாங்கன்னு ஜெர்ஸி நம்பரே 32 போட்டுகிட்ட ஆளு. 2011-ல லீக்லயே அதிகம் ஓடினது அவர்தான், 1,606 யார்டு. கேரி கேக்கறீங்கல்ல, 343. நூறு இல்ல சார், முந்நூத்தி நாப்பத்தி மூணு.

நட்சத்திரதாசன்:
மாமா, அவர் எடை கிட்டத்தட்ட 210. குள்ளம்தான், ஆனா சின்ன ஆள் இல்ல. எடைதான் முக்கியம்.

வடபழனிடுடென்வர்:
எடையா? சரி. வாரிக் டன். 190 பவுண்ட் கூட கிடையாது. 1997-ல டாம்பா முதல் ரவுண்ட்லயே எடுத்தாங்க, அந்த வருஷம் ஆஃபென்ஸ்ல சிறந்த புதுமுகம். 2005-ல அட்லாண்டால 280 கேரி, 1,416 யார்டு. 12 சீசன் ஆடி மொத்தம் 10,967. இப்ப என்ன சொல்ல போறீங்க?

நட்சத்திரதாசன்:
5 அடி 9. வானை விட நாலு அங்குலம் உயரம். நான் பேசறது 5 அடி 5 பத்தி.

வடபழனிடுடென்வர்:
ஹாஹா. ஜோன்ஸ்-ட்ரூன்னா எடை, டன்னுன்னா உயரம். பச்சோந்தி கூட கொஞ்சம் டைம் எடுத்துக்கும் சார்.

நட்சத்திரதாசன்:
கிண்டல் பண்ணா பாயின்ட் ஆயிடுமா? ரெண்டும் சேந்துதான் சைஸ். ஆறு வயசு பிள்ளைக்கு கூட புரியும். ஸ்ப்ரோல்ஸ்ல ஆரம்பிச்சது நீங்க, ஸ்ப்ரோல்ஸுக்கு பதில் வரல. 100 கேரி?

சும்மாபாக்கறவன்:
நான் மேலயே கேட்டேன், உயரமா எடையான்னு :(

பாக்கெட்பாபு:
எல்லாரும் கேரிய புடிச்சு தொங்கறீங்க, சின்ன ஆளுக்கு உண்மையான பிரச்சன பிளிட்ஸ்தான் (பந்தை எறியற குவார்ட்டர்பேக்க அடிக்க எதிர் டீம் ஆளு பாயறது). மூணாவது டவுன் (நாலு முயற்சில மூணாவது), 240 பவுண்ட் லைன்பேக்கர் (எதிர் டீமோட தடுப்பு ஆளு) நேரா குவார்ட்டர்பேக் மேல வர்றான், நடுவுல நிக்கறது நீ மட்டும்தான். அங்க ஒரு தடவ சறுக்கினா கோச் அடுத்த தடவ உள்ள விட மாட்டாரு, அப்புறம் எங்க இருந்து கேரி வரும். ஜோன்ஸ்-ட்ரூ 2007-ல லைன்பேக்கர் ஷான் மெரிமன தூக்கி கிடாசினாரு, 6 அடி 4, 270 பவுண்ட் மனுஷன். ராம்ஸ்ல கைரன் வில்லியம்ஸ பாருங்க, டிராஃப்டுக்கு முன்னாடி 194 பவுண்ட்தான், பிளிட்ஸுக்கு பயப்படாம போய் மோதுவான். 2024-ல 1,299 யார்டு.

நட்சத்திரதாசன்:
அதத்தான் நானும் சொல்றேன். 5 அடி 5 ஆளு லைன்பேக்கர எப்படி தடுப்பான், இடுப்ப கட்டிகிட்டு தொங்குவானா?

பாக்கெட்பாபு:
இல்ல சார், நான் சொன்னது அதுக்கு நேர் எதிரா. கீழ இருந்து மோதறவனுக்குத்தான் பிடி கிடைக்கும்.

மைலாப்பூர்மணி:
நம்ம சச்சின் கூட 5 அடி 5தான். தன்னம்பிக்கைதான் முக்கியம் நண்பர்களே.

நட்சத்திரதாசன்:
சச்சின் மேல எந்த 300 பவுண்ட் ஆளும் வந்து விழல அண்ணே. வேற இழைக்கு போங்க.

மைலாப்பூர்மணி:
மரியாதையா பேசலாமே தம்பி. அக்தர் பந்து வந்து பட்டா தெரியும்.

கழுகுக்கூடு:
விடுங்க அண்ணே, 1996 ஜனவரிக்கு அப்புறம் சூப்பர் பவுல் (ஃபைனல்) பக்கமே போகாத டீமோட ரசிகர், கோவம் வரத்தான் செய்யும். ஸ்ப்ரோல்ஸ் கைல சாம்பியன் மோதிரம் இருக்கு. 2017 சீசன், ஈகிள்ஸ்.

நட்சத்திரதாசன்:
அந்த மோதிர கதைய நீங்களே எடுத்தது நல்லதா போச்சு. அந்த சீசன்ல மூணாவது மேட்ச்லயே ஒரே பிளேல கையும் உடைஞ்சு முழங்கால் லிகமென்ட்டும் கிழிஞ்சு வெளிய உக்காந்தவரு. அந்த வருஷம் கேரி எத்தனைன்னு சொல்லட்டா?

கழுகுக்கூடு:
ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி 230 பவுண்ட், 2020-ல அவருக்கும் முழங்கால் போச்சு. முழங்கால் என்ன தராசு வச்சு பாத்தா கிழியுது? பன்னெண்டு வயசு மூத்தவரா இருந்தாலும் உங்களுக்கு பதில் சொல்றதுல அர்த்தமே இல்ல.

நட்சத்திரதாசன்:
என் வயசு உங்களுக்கு எப்படி தெரியும்?

வடபழனிடுடென்வர்:
மயாமி டெவான் அச்சான மறந்துட்டோமே. 188 பவுண்ட். 2023-ல 103 கேரில 800 யார்டு, ஒரு கேரிக்கு 7.8. அதே வருஷம் எங்க டென்வர 70-20ன்னு அடிச்சப்ப 203 யார்டு ஓடினான், சொல்லவே வயிறு எரியுது. நூத்தி மூணு சார். நூறு தாண்டியாச்சு.

நட்சத்திரதாசன்:
மூணுதான் கூட. அதுவும் அந்த ஸ்பீடு கோடியில ஒருத்தனுக்கு. நான் விதிய பத்தி பேசறேன், நீங்க விதிவிலக்கா எடுத்து நீட்டறீங்க. மறுபடி சொல்றேன், அவனும் 5 அடி 9.

டெட்ராய்ட்குளிர்:
டன், அச்சான், ஜோன்ஸ்-ட்ரூ, பேரி, கைரன் எல்லாரும் விதிவிலக்கு. எங்க ஜாமிர் கிப்ஸும் 5 அடி 9, 200 பவுண்ட், 2024-ல 1,412 யார்டு. அவரும் விதிவிலக்கா? விதியில யாருதான் சார் மிச்சம் இருக்கா, வான் மட்டுமா?

நட்சத்திரதாசன்:
மேடம், கிப்ஸ் 12-வது பிக். ஆறாவது ரவுண்ட் பையனோட ஒப்பிடறீங்க. டிராஃப்ட் எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் படிச்சுட்டு வாங்க.

டெட்ராய்ட்குளிர்:
ஓ, இப்ப உயரமும் எடையும் போய் ரவுண்டா? நான் டெட்ராய்ட்டோட பழைய மைதானம் சில்வர்டோம்ல பேரி ஓடினத நேர்ல பாத்தவ. எனக்கு பாடம் எடுக்க வேண்டாம்.

ஜாக்ஸ்மாமா:
நட்சத்திரம் சாருக்கு சின்ன ரன்னிங் பேக் மேல கோவம் இல்லீங்க. ஃபேன்டஸில (நிஜ ஆட்டக்காரங்கள எடுத்து நாங்க ஆடற கற்பனை லீக்) அச்சானை நான் அவருக்கு முன்னாடி எடுத்துட்டேன், அந்த காண்டு.

நட்சத்திரதாசன்:
அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க டிராஃப்ட் நேரத்த மாத்தி வச்சது எல்லாருக்கும் தெரியும். எனக்கு ஆபீஸ் மீட்டிங்னு தெரிஞ்சே வச்சீங்க.

ஜாக்ஸ்மாமா:
குரூப்ல மூணு தடவ போட்டேன், நீங்க பாக்கலன்னா நான் என்ன பண்றது. மொதல்ல அந்த 50 டாலர அனுப்புங்க.

நட்சத்திரதாசன்:
அனுப்பறேன், நீங்க ஸ்ப்ரோல்ஸ் 100 கேரி ஓடின சீசன காட்டுங்க.

ஜாக்ஸ்மாமா:
ஸ்ப்ரோல்ஸ சொன்னது கழுகு, நான் இல்ல. இதுக்கும் என் காசுக்கும் என்னங்க சம்பந்தம்?