அட்டை கிழிந்த அந்தப் போர் காமிக்ஸ்: பெயர் தெரியுமா?

நான் முதன்முதலில் படித்த போர் காமிக்ஸின் பெயரைத் தேடித் தேடி அலுத்துவிட்டது. கைக்கு வந்தபோதே அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லை. அப்புறம் புத்தகமே தொலைந்துபோனது.

படித்தது 1986 வாக்கில், ஒன்பது வயதில். ஆங்கிலம், கையடக்க அளவு, கறுப்பு வெள்ளை, பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று கட்டங்கள். கதைக்களம் 1941, இரண்டாம் உலகப் போரில் லிபியாவின் டோப்ருக் நகர முற்றுகை. பழுதாகி நிற்கும் மட்டில்டா டாங்கியின் நிழலில் ஒரு பிரிட்டிஷ் கார்ப்பரலும் காயம்பட்ட ஜெர்மானியச் சிப்பாயும் ஒரே தண்ணீர்க் குப்பியைப் பகிர்ந்துகொள்வார்கள். கார்ப்பரலின் கைக்கடிகாரக் கண்ணாடி விரிசல் விட்டிருக்கும். அந்த விரிசலை மட்டும் ஒரு முழுக் கட்டத்தில் வரைந்திருந்தார்கள். ஜெர்மானியர் வழக்கம்போல "ஆக்துங்!" (கவனம்!) என்று கத்தாமல் சாதாரணமாகப் பேசியதும் நினைவிருக்கிறது.

1961இல் தொடங்கிய கமாண்டோ என்ற பிரிட்டிஷ் போர் காமிக்ஸ் இதழ்களின் பட்டியலைப் பார்த்தேன், 1958இல் வந்த வார் பிக்சர் லைப்ரரியையும் விடவில்லை. அட்டைப் படங்களை வைத்துத் தேடவும் வழியில்லை, நான் பார்த்ததே இல்லையே! ஓவியர் வழியாகப் போகலாம் என்றால் அந்தக் கால கமாண்டோவில் படைப்பாளிகளின் பெயரைப் போடும் வழக்கமே கிடையாது. பழைய கதைகளை மறுபடி அச்சிட்டிருப்பதால் 1986ஆம் ஆண்டு இதழ்களை மட்டும் பார்த்தும் பயனில்லை.

விரிசல் விட்ட கடிகாரமும் மட்டில்டா டாங்கியும் வரும் இந்தக் கதையின் தலைப்போ இதழ் எண்ணோ யாருக்காவது தெரியுமா?