பிரெஞ்சுப் புரட்சி தொடக்கத்திலிருந்தே கத்தோலிக்க எதிர்ப்பா?

ஏடுதேடி:
1789 ஜூனில் மூன்றாம் எஸ்டேட்டோடு (குருக்களும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின் பிரதிநிதிகள்) முதலில் போய்ச் சேர்ந்தவர்களே பங்குக் குருக்கள்தான். நான்கு வருஷம் கழித்துப் பார்த்தால் நோத்ர தாம் பேராலயத்தில் பகுத்தறிவுத் திருவிழா. நடுவில் எங்கே முறிந்தது? திருச்சபையைச் சாடிய எழுத்தாளர் வோல்த்தேரைக் கைகாட்டிவிட்டு நகரும் பதில் வேண்டாம்.

பழையபக்கம்:
1790 நவம்பர் 27, புது அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பதாகக் குருக்களிடம் உறுதிமொழி கேட்ட ஆணை. அதுவரை நடந்ததில் பெரும்பகுதி பணக் கணக்கு. கஜானா காலி, திருச்சபைக்கு மக்கள் கட்டிய தசமபாக வரி ஆகஸ்ட் 1789-ல் போனது, நவம்பர் 2-ல் திருச்சபைச் சொத்து அரசின் கைக்கு வந்தது, அதை ஈடாகக் காட்டி அசிஞ்ஞா என்ற பணத்தாள்கள் வெளியாயின. இதற்காகச் சாதாரண பங்குக் குரு பெரிதாகக் கொதிக்கவில்லை. ஆண்டுக்கு 700 லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) வாங்கியவருக்கு 1790 ஜூலை 12-ன் குருக்கள் குடிமைச் சட்டம் குறைந்தது 1,200 லிவ்ர் கொடுத்ததே!

குத்தியது சட்டத்தின் மற்ற பிரிவுகள். மாவட்டத்துக்கு ஒன்று என மறைமாவட்டங்கள் 83 ஆகச் சுருங்கின. ஆயரையும் பங்குக் குருவையும் வாக்காளர்கள் தேர்ந்தெடுப்பார்கள். அந்த வாக்காளர் புராட்டஸ்டன்ட்டாகவும் இருக்கலாம். புது ஆயர் திருத்தந்தைக்குத் தகவல் எழுதலாம், ஒப்புதல் கேட்கக் கூடாது. ரோம் பல மாதம் வாய் திறக்கவில்லை. புரட்சியின் தேசிய சபை அவசரப்பட்டு உறுதிமொழியைத் திணித்தது. திருத்தந்தை ஆறாம் பயஸ் வெளிப்படையாகக் கண்டித்தது 1791 மார்ச், ஏப்ரலில். அதன் பிறகு சத்தியம் செய்தவர்களில் பலர் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

கடைசிபெஞ்சு:
ஆயர்களில் ஏழு பேர், பங்குக் குருக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் சத்தியம் செய்தார்கள் என்பது வழக்கமான கணக்கு. அந்தப் 'பாதி'யை அப்படியே எடுக்காதீர்கள். "என் விசுவாசத்துக்கு முரணில்லாத வரை" என்று நிபந்தனை போட்டவரை ஒரு பட்டியல் சேர்க்கும், இன்னொன்று தள்ளும். 1791 ஜனவரிப் பட்டியலும் கோடைப் பட்டியலும் ஒன்றல்ல. தேதி பார்க்காமல் ஒப்பிட்டால் கணக்கு உதைக்கும்.

வரைபடம்தான் சுவாரசியம். மேற்கே பிரித்தானி, வாந்தே, கிழக்கே அல்சாஸ் பகுதிகள் மறுத்தன. பாரிஸைச் சுற்றியும் தென்கிழக்கிலும் பெரும்பாலோர் ஏற்றார்கள். குரு இறையியலை மட்டும் பார்க்கவில்லை, ஊரின் முகத்தையும் பார்த்தார். மேற்கில் அவர் பெரும்பாலும் அந்த வட்டாரத்து வசதியான விவசாயி வீட்டுப் பிள்ளை. அவரை விலக்கி அனுப்பப்பட்ட புதியவருக்கு 'அத்துமீறி வந்தவர்' என்றே பெயர். அவர் வைக்கும் திருப்பலிக்கு ஆள் வராது.

ஏடுதேடி:
அப்படியென்றால் புரட்சி அரசுக்கு எதிராக எழுந்த வாந்தே கிளர்ச்சி மதப்போரா?

பழையபக்கம்:
1793 மார்ச்சில் திரி பற்றியது 3,00,000 பேரைப் படைக்கு எடுக்கும் ஆணையால். உள்ளூர் அதிகாரிகளுக்கு அதிலிருந்து விலக்கு. திருச்சபை நிலத்தை ஏலத்தில் எடுத்தவர்களும் பல இடங்களில் அதே கூட்டம். எரிச்சல் 1791-லிருந்தே சேர்ந்தது. மதம் மட்டும் என்றாலும் தப்பு, மதமே இல்லை என்றாலும் தப்பு.

கடைசிபெஞ்சு:
ஒன்று சேர்க்கிறேன். 1792 ஏப்ரலில் போர் தொடங்கியதும் சத்தியம் செய்யாத குரு என்றாலே எதிரியின் ஆள் என்ற பார்வை வந்துவிட்டது. மே 27 ஆணைப்படி 20 குடிமக்கள் புகார் கொடுத்தால் நாடு கடத்தலாம் (அரசர் தடுத்தார், ஆகஸ்டில் அவர் அதிகாரமே போனது). அந்தச் செப்டம்பரில் பாரிஸ் சிறைகளில் நடந்த படுகொலையில் இறந்த குருக்கள் 200-க்கும் மேல்.

ஆனால் 1793 இறுதியில், மதத்தையே ஒழிக்கும் அலையில், அடி சத்தியம் செய்தவர்கள் மேலும் விழுந்தது. அதனால் அதை உறுதிமொழிச் சண்டையின் தொடர்ச்சி என்று மட்டும் சொல்ல முடியாது. பாரிஸின் சத்தியப்பிரமாண ஆயர் கோபெல் நவம்பர் 7-ல் பதவி துறந்தார், 1794 ஏப்ரலில் கில்லட்டினுக்குப் போனார். அன்று புரட்சி அரசின் முன்னணித் தலைவராக இருந்த ரோபஸ்பியருக்கே இந்த நாத்திக ஆர்ப்பாட்டம் பிடிக்கவில்லை.

பழையபக்கம்:
சரிதான். திருத்தந்தையோடு நெப்போலியன் செய்த 1801 ஒப்பந்தத்திலும் அது தெரிகிறது: சத்தியம் செய்தவர், செய்யாதவர் என இரு தரப்பு ஆயர்களும் பதவி விலக வேண்டும் என்றார் அவர். விற்ற திருச்சபை நிலத்தை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.