தாது மணலில் அளவி ஏறுகிறது: மணற்கல் யுரேனியமும் இப்படித்தான் உருவானதா?

கேள்வி (குளச்சல், வேதியியல் ஆசிரியை):
மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அலை ஒதுக்கிய கரிய மணல் வரியின்மேல் கதிர்வீச்சு அளவியை வைத்தால் எண்ணிக்கை ஏறுகிறது. சற்றுத் தள்ளி வெண்மணலில் வைத்தால் இறங்கிவிடுகிறது. மேகாலயாவின் டோமியாசியாட்டில் மணற்கல்லுக்குள் யுரேனியம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னபோது, நம் கடற்கரை மணல் இறுகினால் அதுவும் அப்படி ஆகுமா என்று மாணவர்கள் கேட்டனர். அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் (நாகர்கோவில், ஓய்வுபெற்ற நிலவியலாளர்):
ஆகாது, அம்மா. நம் கரையில் கதிர் வீசுவது பெரும்பாலும் மோனசைட்டில் உள்ள தோரியம். யுரேனியம் அதில் மிகச் சிறிதளவே உண்டு. மோனசைட் கடினமான பாஸ்பேட் கனிமம். மலைப்பாறை சிதைந்தாலும் அது சிதையாமல் மணியாகவே ஆற்றில் வந்து சேர்கிறது. குவார்ட்சைவிட ஏறத்தாழ இருமடங்கு கனமானது என்பதால், அலை இலேசான மணலை அள்ளிச் சென்றபின் இல்மனைட், கார்னெட் போன்ற கனத்த கனிமங்களுடன் கரையில் தங்கிவிடுகிறது. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் நம் பகுதியிலிருந்து சென்ற கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார்.

மணற்கல் யுரேனியமோ மணியாக வந்து சேர்வதில்லை, நீரில் கரைந்து வருகிறது. ஆக்சிஜன் நிறைந்த நிலத்தடி நீரில் யுரேனியம் ஆறு இணைதிற நிலையில் கார்பனேட்டுடன் கூடிக் கரைந்து, நீர் புகும் மணற்கல் அடுக்கு வழியே மெல்ல நகர்கிறது; மக்கிய மரத்துண்டோ பைரைட் என்ற இரும்புச் சல்பைடோ ஹைட்ரஜன் சல்பைடோ உள்ள இடத்தை அடைந்ததும் நான்கு இணைதிற நிலைக்கு ஒடுங்கி, அதாவது எலக்ட்ரானைப் பெற்றுக் கரையாத நிலைக்கு மாறி, யுரேனினைட் அல்லது காபினைட் என்ற யுரேனியக் கனிமமாக மணல் மணிகளின் இடுக்கில் படிந்துவிடுகிறது. தோரியம் இவ்வாறு எளிதில் கரைவதில்லை. ஆகவே நம் மணல் பாறையானாலும் அது தோரியப் பாறையாகவே இருக்கும். டோமியாசியாட்டின் மகாதேக் மணற்கல்லில் கரிந்த தாவர எச்சங்களும் பைரைட்டும் தாதுவோடு சேர்ந்தே காணப்படுவதற்குக் காரணம் இந்த ஒடுக்கமே.

பதில் (தக்கலை, துளைப்பணியில் இருந்தவர்):
தேடும் முறையும் இதனால் மாறுகிறது. அமெரிக்காவின் வயோமிங் போன்ற இடங்களில் துளையிலிருந்து வரும் மணற்கல்லின் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீர் வந்த பக்கம் இரும்பு துருப்பிடித்து மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருக்கும். எதிர்ப்பக்கம் பைரைட்டுடன் சாம்பல் நிறமாக இருக்கும். தாது அந்த எல்லையில் பிறை வடிவில் வளைந்து கிடக்கும். சிவப்பு ஒரு துளையிலும் சாம்பல் அடுத்ததிலும் வந்தால், நடுவில் நெருக்கமாகத் துளையிட வேண்டும்.

காமா அளவியை மட்டும் நம்புவது இங்கே ஆபத்து. துளைக்குள் கருவி உணரும் காமாக் கதிரில் பெரும்பகுதி யுரேனியத்திலிருந்தல்ல, அது சிதைந்து ரேடியமாகி, ரேடியமும் சிதைந்து உண்டாகும் பிஸ்மத்-214 இலிருந்து வருகிறது. நீர் யுரேனியத்தைக் கரைத்துக் கொண்டுபோய், ரேடியம் மட்டும் தங்கிவிட்டால் கருவி வரையும் கோட்டில் உயர்ந்த முகடு தெரியும். பாறையில் தாது இராது. யுரேனியம் புதிதாகப் படிந்த இடத்தில் நேர்மாறாகும்: தாது இருந்தும் முகடு தாழ்ந்திருக்கும். அதனால்தான் உருளை மாதிரியை எடுத்து வேதிப் பகுப்பாய்வு செய்கிறார்கள்.

ஆசிரியை:
மிக்க நன்றி, ஐயா. கேரளத்தின் வர்க்கலைக் குன்றில் மணற்கல்லோடு பழுப்பு நிலக்கரிப் படலமும் உண்டே. ஒடுக்கும் பொருள் அங்கே இருக்கிறது அல்லவா?

பதில் (நாகர்கோவில்):
இருக்கிறது, ஆனால் அது ஒரு நிபந்தனைதான். யுரேனியத்தை எளிதில் விட்டுக்கொடுக்கும் மூலப்பாறையும், களிமண் அடுக்குகளுக்கு நடுவே நெடுங்காலம் நீரோடிய மணற்கல்லும் வேண்டும். நம் பகுதிச் சார்னோக்கைட், கொண்டலைட் பாறைகள் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. அத்தகைய பாறைகள் பொதுவாக யுரேனியத்தைப் பெரிதும் இழந்தவை. எஞ்சியதிலும் ஒரு பங்கு மோனசைட்டுக்குள் பூட்டிக் கிடக்கிறது. மாணவர்களுக்குக் காட்ட காமாக் கதிர்களை ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை அளவி கிடைத்தால், 2.62 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் தோரியத் தொடரின் முகடும் 1.76 இல் யுரேனியத் தொடரின் முகடும் தனித்தனியே தெரியும். நம் கரிய மணலில் முதலாவதே ஓங்கி நிற்கும்.