வீடியோ எடிட்டிங் புராசஸர்: முதலில் கேமராவைப் பாருங்கள்

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து:

வீடியோ எடிட்டிங்குக்கு எந்தப் புராசஸர் வாங்கலாம் என்றால், எத்தனை கோர் (உள்ளே வேலை செய்யும் அலகு), எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் (வேகம்) என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். என்னிடம் யாராவது கேட்டால், "என்ன கேமரா, எந்த ஃபார்மட்டில் எடுக்கிறீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். காரணம், செவ்வாய்ப்பேட்டையில் பார்த்த ஒரு சிஸ்டம்.

கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவர் வைகாசி முகூர்த்தங்களுக்கு முன் புது சிஸ்டம் போட்டார். 12 கோர் புராசஸர், 32 ஜிபி ராம், நல்ல கிராபிக்ஸ் கார்டு. கூடவே கேமராவையும் சோனி ஏ7 ஃபோருக்கு மாற்றினார். முதல் கல்யாணத்தின் க்ளிப்புகளை டைம்லைனில் போட்டதும் படம் நின்று நின்று ஓடியது. "தம்பி, இதுக்குப் பழைய சிஸ்டமே தேவலாம் போல இருக்கே" என்று போன் செய்தார்.

போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். 12 கோரும் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தன. கிராபிக்ஸ் கார்டில் 'வீடியோ டிகோட்' (சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலை) மட்டும் பூஜ்யத்தில் கிடந்தது. விஷயம் அதுதான்.

அவர் எடுத்தது எச்.265 (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை), 10 பிட், 4:2:2 (நிற விவரத்தைக் கூடுதலாக வைத்திருக்கும் வகை). பட்டுப்புடவையின் நிறமும் மண்டப விளக்கில் முகத்தின் நிறமும் கெடாமல் கலர் கரெக்‌ஷன் செய்ய அருமையான ஃபார்மட். 8 பிட்டில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள் என்றால் 10 பிட்டில் 1024. ஆனால் இந்த வகைக் கோப்பில் ஒவ்வொரு ஃப்ரேமும் முழுதாக இருக்காது. இடையிடையே ஒன்று மட்டும் முழுசு, மற்றதெல்லாம் அதிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு. நாம் டைம்லைனில் முன்னும் பின்னும் இழுக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அந்தப் படங்களை மறுபடி கட்டி எழுப்ப வேண்டும். அதற்கென்று தனிச் சர்க்யூட் இருந்தால் நோகாமல் செய்யும். இல்லாவிட்டால் பாரம் முழுக்கக் கோர்களின் தலையில். அண்ணன் சிஸ்டத்தில் நடந்தது அதுதான்.

எச்.265-இன் 4:2:2 வகைக்கு அந்தச் சர்க்யூட் இன்டெல் டெஸ்க்டாப் புராசஸர்களில் 11ஆம் தலைமுறையிலிருந்து, உள்ளே இருக்கும் கிராபிக்ஸில் வருகிறது. குவிக் சிங்க் என்பார்கள். என்விடியா கார்டுகளில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2 வந்தது. ஏஎம்டியின் ரைசன் 5000, 7000 வரிசைகளில் இல்லை. ரெண்டருக்கும் (முடித்த வீடியோவை உருவாக்கும் வேலை) எஃபெக்ட்டுக்கும் அவை திறமையான புராசஸர்கள்தான், ஆனால் இந்த ஒரு வேலைக்குக் கைகொடுக்காது.

அதே க்ளிப்புகளை எஸ்எஸ்டியில் போட்டு என் வீட்டு இன்டெல் ஐ5-12400-இல் ஓட்டிக் காட்டினேன். வெறும் 6 கோர், ஆனாலும் தடங்கல் இல்லாமல் ஓடியது. அண்ணன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சீசன் முடியும்வரை ராத்திரியில் ப்ராக்ஸி (எடிட் செய்ய மட்டும் லேசான நகல்) போட்டுவிட்டுப் பகலில் எடிட் செய்தார், அப்புறம் ஐ5-13500க்கு மாறினார்.

வாங்கும்போது ஒரு எழுத்தைக் கவனியுங்கள். 12400-க்குப் பின்னால் 'எஃப்' என்று இருந்தால் உள்ளே கிராபிக்ஸே கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் விலை குறைகிறதே என்று அதைத் தலையில் கட்டிவிடுவார்கள். கல்யாண வேலைக்கு எடியஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அந்த சாஃப்ட்வேர் நெடுங்காலமாகக் குவிக் சிங்க்கை நம்பி வந்தது.

இன்னொன்று. ஏ7 ஃபோரில் பால் முறையில் (நம் ஊர் டிவி முறை) 4கே-யில் விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால் எச்.265 வராது, அதற்கு முந்தைய எச்.264தான். அதன் 4:2:2-ஐ 12400, 13500 போன்றவற்றின் குவிக் சிங்க் தொடாது. 50 ஃப்ரேமில் எடுத்தால் எச்.265 கிடைக்கும். 25 ஃப்ரேம்தான் வேண்டும் என்றால் ஆர்டிஎக்ஸ் 50 கார்டு, அல்லது ப்ராக்ஸி.

ஏற்காட்டிலிருந்து:

எஸ்டேட், ரிசார்ட் வீடியோக்கள் எடுக்கிறேன். ஐப்பசி மழையில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, அதனால் டெஸ்க்டாப் பேச்சுக்கே இடமில்லை. ஆப்பிளின் எம்1 மேக்புக் ஏர் வைத்திருக்கிறேன். எச்.265 4:2:2 அதில் தடையில்லாமல் ஓடுகிறது, ஒரு வேலையை பேட்டரியிலேயே முடித்துவிடலாம். ஃபேன் கிடையாது என்பதால் நீளமான எக்ஸ்போர்ட்டில் சூடேறி வேகம் குறையும். எங்கள் குளிரிலேயே அப்படி என்றால் கீழே சேலத்து வெயிலில் இன்னும் சீக்கிரம் குறையும். ஒரு மணி நேரப் படம் எக்ஸ்போர்ட் செய்பவர்கள் ஃபேன் உள்ள மேக்புக் ப்ரோவைப் பாருங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து:

வெயில் என்றதும் சொல்கிறேன். இன்டெல் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் இழுக்கும். சித்திரை மதியம், மாடி அறை, ஏசி இல்லை. எங்கள் ஸ்டுடியோவில் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் பகுதி) அதை 125 வாட்டுக்குக் கட்டிவைத்திருக்கிறோம். ரெண்டர் கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போகலாம். 13, 14ஆம் தலைமுறையின் பெரிய புராசஸர்களை செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள் என்பேன். அதிக வோல்டேஜால் அவை பழுதாவதை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் (புராசஸருக்குள் ஓடும் நிரல்) திருத்தம் கொடுத்து வாரண்டியை 2 வருடம் நீட்டியது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்.

சூரமங்கலத்திலிருந்து:

முதல் பதிவுக்கு நன்றி அண்ணா. எனக்கு 'எஃப்' இல்லாத 12400தான், இருந்தும் லேக் ஆனது. இதைப் படித்துவிட்டு பயாஸைத் திறந்து பார்த்தேன். தனி கிராபிக்ஸ் கார்டு போட்டதும் மதர்போர்டு உள் கிராபிக்ஸை அணைத்து வைத்திருக்கிறது. ஆன் செய்து, டிரைவர் போட்டு, பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் ஹார்ட்வேர் டிகோடிங்கில் இன்டெல்லை டிக் செய்தேன். ஏற்காட்டில் எடுத்த அவுட்டோர் ஷூட் இப்போது ப்ராக்ஸி இல்லாமலே ஓடுகிறது.