பழைய பிளேடுக்குத் தமிழ்ச்சொல்: ஞாயிற்றுக்குள் வேண்டும்

கு. எழுதியது:
நண்பர்களே, பழைய ரேசர் பிளேடுகளை இனம் கண்டு பயன்படுத்துவது பற்றிய சிறு கையேட்டை மொழிபெயர்க்கிறேன். ஞாயிறன்று அச்சுக்குப் போகிறது. ‘பிளேடு’ என்றே விட்டால் பதிப்பாசிரியர் ஒப்பமாட்டேன் என்கிறார். இரண்டு வகைக்குப் பெயர் தேவை. ஒன்று, இருபுறமும் கூருள்ள மெல்லிய தகடு. கிங் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற ரேசரில் போடுவது. மற்றது, ஒருபுறம் கூர், மறுபுறம் தடித்த முதுகு; ஜெம் ரேசருக்கானது. முதலாவதற்கு ‘ஈரலகு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

செ. எழுதியது:
ஈரலகு என்றால் கணக்கு வாத்தியார் இரண்டு யூனிட் என்பார், பறவை பார்ப்பவர் இரண்டு மூக்கு என்பார். கூருக்கு நம்மிடம் ‘வாய்’ இருக்கிறதே, வாளின் வாய்! ‘இருவாய் மழித்தகடு’ என்று வையுங்கள். மழித்தல் குறளிலேயே உண்டு.

ம. எழுதியது:
இருவாய் என்றதும் எனக்கு இருவாய்ச்சிதான் நினைவுக்கு வருகிறது. பறவையை விட்டுத் தப்ப முடியாது போலிருக்கிறது.

வ. எழுதியது:
செ. அவர்களே, மழித்தகடு அன்று, மழிதகடு. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. மழித்த, மழிக்கின்ற, மழிக்கும் என முக்காலமும் அடங்கும். பழைய பிளேடுக்கு இறந்தகாலமே போதும் என்பது வேறு விஷயம். என் எண்ணத்தில் மழி, மழு, மழுங்கு மூன்றும் ஒரே வேர். மழு வெட்டும், மழுங்கியது வெட்டாது, மழித்த தலை மழுமழுவென்று இருக்கும். மழலையையும் இங்கே சேர்க்கலாம். எப்படியென்றால்...

கு. எழுதியது:
ஐயா, மழலை அப்புறம். வாசகருக்கு நடுத்துளைதான் முக்கியம். வெறும் மூன்று வட்டத் துளை என்றால் பழைய வடிவம். நடுவே நீளமாக வெட்டிய ஜில்லெட் தகடு 1930இல் வந்தது. நீளத் துளையுள்ளது பழைய மூன்று முளை ரேசரிலும் உட்காரும். மூன்று துளைத் தகடோ நடுவில் பட்டையுள்ள ரேசரில் ஏறாது. நீளத் துளைக்குச் சொல்?

செ. எழுதியது:
காடி.

ம. எழுதியது:
காடி பள்ளம்தானே, ஊடுருவாதே. புளித்த காடி வேறு இருக்கிறது. ‘நீள்துளை’ போதும். துரு பற்றியும் எழுதுங்கள். பழையவை பெரும்பாலும் கார்பன் எஃகு. ஸ்டெயின்லெஸ் பரவியதே 1960களில், வில்கின்சன் ஸ்வோர்டு நிறுவனத்தின் பிளேடுக்குப் பிறகுதான். உறை புதிது போலிருந்தாலும் விளிம்பை லென்ஸில் பார்க்காமல் முகத்தில் வைக்கக் கூடாது. புள்ளி தெரிந்தால் அலமாரிக்கு. சவரம் முடிந்ததும் உலர்த்தாவிட்டால் நல்லதும் துருப்பிடிக்கும். இதெல்லாம் தெரிந்துகொள்ள வருகிறவர் ‘மழிதகடு’ என்றா தேடுவார்? ‘இருபக்க பிளேடு’, ‘முதுகு பிளேடு’ என்றே போடுங்கள். கத்திக்கு முதுகு ஏற்கெனவே உண்டு.

செ. எழுதியது:
பிளேடு போடுகிறார்கள் என்பார்கள்.

ம. எழுதியது:
இந்த இழையைப் படித்தால் சொல்லத்தான் செய்வார்கள்.

கு. எழுதியது:
அனுப்பிவிட்டேன். இருபக்க மழிதகடு, முதுகுத் தகடு, நீள்துளை. முதலில் வருமிடத்தில் மட்டும் ‘பிளேடு’ பக்கத்தில் நிற்கும். தலைப்பிலும் பிளேடுதான், பதிப்பாசிரியர் ஒருவழியாக இறங்கிவந்தார்.

செ. எழுதியது:
இருவாய்க்கு என் ஓட்டு அப்படியே இருக்கிறது. குறித்துக்கொள்க.

வ. எழுதியது:
முதுகுத் தகடு என்றால் முதுகிலுள்ள தகடா, முதுகை உடைய தகடா? உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்றே கொள்ள வேண்டும். விரிவாக நாளை எழுதுகிறேன்.