கலைச்சொல் தேவை: பிராங்க்ளின் குறிப்பிடும் 'பேட்டரி'

குழுமத்தார்க்கு வணக்கம்.

பெஞ்சமின் பிராங்க்ளின் பிலடெல்பியாவிலிருந்து லண்டனுக்கு, தம் அறிவியல் நண்பர் பீட்டர் காலின்சனுக்கு எழுதிய மின்னியல் கடிதங்களைத் தமிழாக்கும்போது ஒரு சொல் இடறுகிறது. 1749 ஏப்ரல் கடிதத்தில் 'எலக்ட்ரிக்கல் பேட்டரி' என்கிறார். பாடநூல் வழக்குப்படி 'மின்கல அடுக்கு' என்று போட முடியாது. வோல்ட்டா தம் அடுக்கை அறிவித்ததே 1800-இல்தான். பிராங்க்ளினிடம் கலமும் இல்லை, வேதிவினையும் இல்லை. உராய்வில் பெற்ற மின்னூட்டத்தைக் கண்ணாடியில் தேக்கினார், அவ்வளவே. மின்னூட்டத்தைத் தேக்கும் கண்ணாடிக் கலனான லெய்டன் சாடியை ஒட்டி 'சாடி அடுக்கு' எனலாமா?

---

> 'சாடி அடுக்கு' எனலாமா?

டான்சிக் நகரில் (இன்றைய போலந்தின் கிடான்ஸ்க்) ஆய்வாளர் கிராலாத் 1746-இல் பல சாடிகளை இணைத்தாரே, அதற்குச் 'சாடி' சரி. பிராங்க்ளினின் கருவியில் சாடியே இல்லை, ஐயா. சன்னலுக்குப் போடும் பெரிய கண்ணாடிப் பலகைகள் 11. ஒவ்வொன்றின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடு ஒட்டி, 2 அங்குல இடைவெளி விட்டு, பட்டுக் கயிறுகளின் மேல் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்.

'அடுக்கு'ம் ஒத்துவராது. மின்னூட்டும்போது ஒரு பலகையின் ஒரு பக்கத்தை அடுத்த பலகையின் மறுபக்கத்தோடு கோக்கிறார், அது தொடரிணைப்பு. ஊட்டி முடித்ததும் ஒருவகைப் பக்கங்களை எல்லாம் ஒரு நீண்ட கம்பியிலும், எதிர்ப்பக்கங்களை இன்னொன்றிலும் சேர்க்கிறார். அது பக்க இணைப்பு. அடுக்கு என்றால் வாசகர் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வார். 'தொகுதி' இரண்டுக்கும் இடம் தரும். பேட்டரி என்ற சொல் பீரங்கித் தொகுதியைக் குறித்து வந்ததும் இதற்குத் துணை.

இதில் கறாராக இருக்கக் காரணம் உண்டு. அன்று சோதனைகள் பரவியது கடிதங்களால். படித்தவர் அந்தச் சொற்களை வைத்தே கருவியைக் கட்டினார். லெய்டன் சாடி போன்ற குப்பியை முதலில் செய்த ஜெர்மானியர் கிளைஸ்ட் 1745-இல் எழுதிய கடிதங்களைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. குப்பியைக் கையில் பிடித்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் புலப்படவில்லை. அந்தக் கைதான் வெளிக்கடத்தி, அதாவது குப்பியின் வெளிப்புறத் தகட்டின் வேலையைச் செய்தது. 1746 சனவரியில் லெய்டன் பேராசிரியர் முஸ்கென்ப்ரூக் பாரிஸ் அறிஞர் ரேயோமூருக்கு எழுதிய கடிதத்தில் எந்தக் கையில் பிடிப்பது, எதைத் தொடுவது என்பதெல்லாம் இருந்தது. அதைப் பார்த்துப் பாரிஸில் இயற்பியலாளர் நொல்லே செய்துகாட்டினார்.

---

'தொகுதி'க்கு என் வாக்கும். முன்னொட்டு என்ன? 'மின்தேக்கித் தொகுதி' என்றால் இன்றைய துணைமின் நிலையத்தில் இருக்கும் கருவி நினைவுக்கு வரும். இலங்கையில் அதே பொருளுக்குக் 'கொள்ளளவி' என்பார்கள். 'மின்தேக்கு' என்று வினையடியோடு நிறுத்தினால் இரு கரையிலும் விளங்கும்: மின்தேக்குத் தொகுதி, மின்தேக்குப் பலகை.

செய்து பார்க்க நினைப்போருக்கு அடிக்குறிப்பில் சில சேர்க்க வேண்டும். தகட்டைக் கண்ணாடியின் விளிம்புவரை ஒட்டக்கூடாது. சுற்றிலும் 4 அல்லது 5 செ.மீ. வெறும் கண்ணாடியாக விட வேண்டும். இல்லாவிட்டால் பொறி விளிம்பைச் சுற்றிப் பாய்ந்து ஊட்டம் வீணாகும். ஈரப்பதம் மிகுந்த நாளில் கண்ணாடி மேல் படியும் நீர்ப்படலமே கடத்திவிடும். துடைத்துச் சூடாக்க வேண்டும். ஒரு பலகையை ஊட்டும் உழைப்பே பதினொன்றுக்கும் போதும் என்று பிராங்க்ளின் எழுதுகிறார். மின்னூட்டத்தின் அளவுக்கு அது சரி. ஆனால் எல்லாப் பலகைக்கும் அதே அளவு ஊட்டம் ஏற வேண்டுமானால், தொடரின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தம் 11 மடங்காகும். கசிவும் அங்கேதான் கூடும். பட்டுக் கயிற்றை அவர் தேர்ந்ததன் அருமை இதில் தெரிகிறது.

இன்னொன்று கட்டாயம் வேண்டும். ஒருமுறை இறக்கியதும் ஊட்டம் தீர்ந்தது என்று தொட்டுவிடக் கூடாது. கண்ணாடிக்குள் தங்கியது சில நிமிடங்களில் மீண்டும் தகட்டில் தோன்றும். காப்புப்பிடி போட்ட கோலால் மறுபடியும் குறுக்கிணைத்து, அப்படியே இணைத்து வைக்க வேண்டும். பெரிய தொகுதி ஆளைக் கொல்லும்.

---

ஏற்கிறேன். 'மின்தேக்குத் தொகுதி' பிராங்க்ளினுக்கும் கிராலாத்துக்கும். 'மின்கல அடுக்கு' வோல்ட்டாவுக்கும் பின்வந்தோருக்கும். எச்ச ஊட்டம் பற்றிய எச்சரிக்கையை அடிக்குறிப்பில் விடாமல் கடிதத்துக்கு முன்பாகவே தடித்த எழுத்தில் போடுகிறேன்.