என்.ஐ.எச். மானிய ஆய்வு: வருகையாளர் படிவத்தில் இட்ட கையெழுத்தால் காப்புரிமை கைமாறிவிடுமா?

கேள்வி:
வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் போஸ்ட்டாக்காக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருக்கிறேன். சம்பளமும் சோதனைச் செலவும் என்.ஐ.எச். (அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம்) மானியத்திலிருந்து வருகின்றன. ரத்தத்தில் ஒரு கிருமியின் அளவைக் கணக்கிடும் முறைக்காக, கருவி ஒன்றைப் பழகிக்கொள்ளச் சென்ற ஆண்டு ஒரு தனியார் நிறுவனத்தின் ஆய்வகத்தில் மூன்று வாரங்கள் இருந்தேன். முதல் நாள் வரவேற்பறையில் அடையாள அட்டையோடு நீட்டப்பட்ட இரண்டு பக்கத் தாளில், வழக்கமான ரகசியக் காப்பு ஒப்பந்தம்தானே என்று எண்ணி, படிக்காமலே கையெழுத்திட்டேன். நேற்று அதன் நகலைத் தேடியெடுத்தால், அங்குத் தங்கியதன் விளைவாக எழும் கண்டுபிடிப்புகளை "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்று இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு என்பதால் உரிமை பல்கலைக்கழகத்துக்குத் தானாகவே வந்துவிடும் என்கிறார் உடன் பணிபுரிபவர். அது சரியா? அடுத்த மாதம் மாநாட்டில் போஸ்டர் வேறு வைக்க வேண்டும்.

பதில் 1:
சரியில்லை. அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகள் பற்றி 1980-இல் வந்த பே-டோல் சட்டம், மானியம் பெற்ற நிறுவனம் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்கிறதே தவிர, கண்டுபிடித்தவரிடமிருந்து அதைத் தானாகப் பறித்துக் கொடுப்பதில்லை. உங்கள் கதையை ஏற்கெனவே ஒருவர் வாழ்ந்துவிட்டார். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் மார்க் ஹோலோட்னி, டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பி.சி.ஆர். முறையைக் கற்க 1989-இல் சீட்டஸ் நிறுவனத்துக்குச் சென்று, அங்கே வருகையாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஸ்டான்ஃபோர்டுக்கு அவர் எழுதிக் கொடுத்திருந்தது "ஒப்படைக்க உடன்படுகிறேன்". சீட்டஸுக்கு எழுதிக் கொடுத்தது "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்". முன்னது வாக்குறுதி, பின்னது கொடுத்தே முடித்த செயல் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கொண்டது. சீட்டஸின் பி.சி.ஆர். தொழிலை வாங்கியிருந்த ரோஷ் நிறுவனம், ஸ்டான்ஃபோர்டு தன்மீது தொடுத்த காப்புரிமை வழக்கிலிருந்து தப்பியது. என்.ஐ.எச். பணத்தில் நடந்ததால் உரிமை தனக்கே என்ற ஸ்டான்ஃபோர்டின் வாதத்தை உச்ச நீதிமன்றமும் 2011-இல் 7-2 என்ற கணக்கில் ஏற்கவில்லை. ஆகவே உங்கள் பணி ஒப்பந்தத்தின் சொற்களையும் தேதியையும் முதலில் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்துவிட்டேன். பணியில் சேர்ந்த 2021-இல் கையெழுத்திட்டது. அதிலும் "இதன்மூலம் ஒப்படைக்கிறேன்" என்றே இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் மூச்சு விடலாம். இனிமேல் உருவாகப்போகும் கண்டுபிடிப்பையும் சேர்த்து நிகழ்காலச் சொல்லால் முன்னரே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றால், பின்னர் வந்த தாளில் கொடுப்பதற்குப் பொதுவாக உங்களிடம் எதுவும் மீந்திருக்காது. ஊழியர்களிடம் எழுத்து மூலம் ஒப்படைப்புப் பெற வேண்டும் என்று 2018-இல் பே-டோல் விதியும் திருத்தப்பட்டது. ஆயினும் முடிவைச் சொல்ல வேண்டியவர் பல்கலைக்கழக வழக்கறிஞர். அந்த இரண்டு பக்கத்தை அவரிடம் மறைக்காதீர்கள்.

எனக்குக் கவலை தருவது போஸ்டர்தான். அமெரிக்காவில் இப்படி வெளியிட்ட பின்னரும் காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் அந்தச் சலுகை ஏறத்தாழ இல்லை. எனவே கண்டுபிடிப்பு அறிவிப்புப் படிவத்தை இந்த வாரமே பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப உரிம அலுவலகத்தில் கொடுங்கள். அதிலிருந்து இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் என்.ஐ.எச்.-க்குத் தெரிவிக்க வேண்டும். மானிய எண்ணை விட்டுவிடாதீர்கள்: அரசு உதவியுடன் உருவானது, அரசுக்கு இதில் சில உரிமைகள் உண்டு என்ற வாசகம் காப்புரிமை ஆவணத்தில் இடம்பெற்றாக வேண்டும். யோசனை நிறுவனத்தின் ஆய்வகத்தில் உதித்திருந்தாலும், அது முதன்முதலில் செயல்வடிவம் பெற்றது மானிய வேலையில் என்றால் பே-டோல் சட்டம் பொருந்தும். ஆகவே எந்தச் சோதனை எந்தத் தேதியில் எங்கே நடந்தது என்பதைக் குறிப்பேட்டுப் பக்கங்களோடு இணைத்துக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. குறிப்பேட்டைப் புரட்டியதில், முதல் முறையாகச் சரியான அளவு கிடைத்தது அங்கிருந்து திரும்பிய ஐந்தாவது வாரத்தில், எங்கள் ஆய்வகத்தில்தான். அந்தப் பக்கத்தையும் வருகையாளர் தாளையும் சேர்த்தே நாளை கொடுக்கிறேன். அலுவலகம் விண்ணப்பிக்கும் வரை போஸ்டரை அச்சுக்கு அனுப்பவில்லை.